கூழ் எப்போது புளித்தது? புற்று உயிரணுவில் ஒரு நொதியின் வேலையைக் காந்தத்தால் அளப்பது பற்றி

ஆடி பிறந்தால் டர்பன் வட்டாரத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் கேழ்வரகும் கம்பும். தென்னாப்பிரிக்காவில் நமக்கு வாய்த்தது, மீலிமீல் என்று எல்லோரும் சொல்லும் வெள்ளை மக்காச்சோள மாவு. என் ஆயா முதல் நாள் மாலையே மாவைக் கரைத்து, பழைய புளித்த கரைசலில் ஒரு கரண்டி கலந்து, பானை வாயைத் துணியால் கட்டிவிடுவார். இங்கே ஆடி குளிர்காலம் என்பதால் பானையைச் சுற்றி ஒரு பழைய கம்பளியும் உண்டு. விடியற்காலையில் துணியை அவிழ்த்து, கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். "இன்னும் பிடிக்கவில்லை" என்று மறுபடி கட்டிவிடுவார். அரை மணி கழித்து இன்னொரு சொட்டு. புளிப்பு ஏறும் வேகத்தை வைத்தே அடுப்பை எப்போது மூட்டுவது என்று முடிவு செய்துவிடுவார். பானைக்குள் எத்தனை கோடி நுண்ணுயிர் இருக்கிறது என்று அவர் எண்ணியதில்லை.

இந்த ஆடியில் சாட்ஸ்வொர்த் கோயில் ஒன்றில் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, எங்கள் அத்தையின் ரத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எச். அதிகம் என்று போட்டிருக்கிறது. புற்றுநோய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண்ணா அது?"

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் அந்த எண்ணை அச்சிட்டுக் கொடுத்தவன் நான். அவளுக்கு உடனே ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அண்டாவைக் காட்டினேன். "இதற்குள்ளும் அதே வேலையைச் செய்கிற நொதிதான் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அன்று பாதியில் நின்றுபோன பேச்சை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சர்க்கரை வந்து சேரும் முச்சந்தி

நொதி என்ற சொல்லே நொதித்தலிலிருந்து வந்தது; நுரைத்துப் புளிப்பது. மேல்நாட்டார் வைத்த என்சைம் என்ற பெயருக்கும் கிரேக்கத்தில் 'புளித்த மாவுக்குள்' என்பது போன்ற பொருள்தான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பானையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நொதி ஒரு புரதம். ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடும்.

உயிரணுவுக்குள் நுழையும் குளுக்கோஸ் பல படிகளில் உடைந்து இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகிறது. பைருவேட் மூன்று கார்பன் கொண்ட சிறு மூலக்கூறு. அது நிற்கும் இடம் ஒரு முச்சந்தி. ஆக்சிஜன் கிடைக்கும்போது பெரும்பாலான உயிரணுக்கள் அதைத் தம் உள் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி முழுக்க எரிக்கின்றன. உயிரணு செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி., ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 கிடைக்கும். இன்னொரு பாதையில் லாக்டேட் டீஹைட்ரோஜனேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. ரிப்போர்ட்டில் எல்.டி.எச். என்று வருவது இதுதான். இது பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றிவிடும். அந்த வழியில் போனால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே. கூழைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செய்வது இதைத்தான். நாவில் படும் புளிப்பு லாக்டிக் அமிலம். 1780-இல் ஸ்வீடனின் ஷீலே அதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். ஜூலு வீடுகளின் அமாசித் தயிரிலும் அதே அமிலம்தான்.

இவ்வளவு நட்டமான பாதையை ஓர் உயிரணு ஏன் எடுக்க வேண்டும்? நம் கரும்புக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கரும்பை ஏற்றிய டிரெய்லர் ஆலையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால்தான் வயலில் அடுத்த பாரம் ஏறும். குளுக்கோஸை உடைக்கும்போது எலெக்ட்ரான்களை ஏற்றிக்கொள்ளும் டிரெய்லருக்கு என்.ஏ.டி. என்று பெயர். பாரம் ஏறியபின் அது என்.ஏ.டி.எச். எல்.டி.எச். அந்தப் பாரத்தைப் பைருவேட்டின் மேல் இறக்கி வைத்து, காலி டிரெய்லரை வயலுக்குத் திருப்பி அனுப்புகிறது. குளுக்கோஸை வேகமாக உடைத்துக்கொண்டே போக வேண்டிய உயிரணுவுக்கு இந்த இறக்குமிடம் இல்லாமல் நடக்காது. இந்த டிரெய்லரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் அதுதான் கதையைத் திருப்பப் போகிறது.

1920-களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கட்டித் திசுக்களை எடுத்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை லாக்டிக் அமிலத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். மைட்டோகாண்ட்ரியா பழுதானதுதான் காரணம் என்று அவர் நம்பினார். பல புற்றுகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது என்று பிறகு தெரிந்தது. கண்டது சரி, சொன்ன காரணம் சரியில்லை. 1931-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் சுவாச நொதி பற்றிய வேறொரு வேலைக்காகத்தான்.

இதைச் சொன்னவுடன் ஒருவர் கைப்பேசியை நீட்டுவார்: 'சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும்' என்று வந்த செய்தி. எனக்கு அலுத்துவிட்டது. சீனி டப்பாவை மூடினாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்ளும். முதிர்ந்தபின் மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத நம் சிவப்பணுக்கள் சாகும் வரை குளுக்கோஸை லாக்டேட்டாக்கித்தான் பிழைக்கின்றன. லாக்டேட் உண்டாக்குவது குற்றமென்றால் முதல் குற்றவாளி நம் ரத்தம்தான்.

சோதனைக்குழாயில் சிக்காதது

ஆய்வுக்கூடத்தில் எல்.டி.எச். அளப்பது எளிது. ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் திரவமான சீரத்தோடு நொதிக்குத் தேவையான மூலப்பொருளையும் டிரெய்லரையும் தாராளமாகக் கலந்து, 37 டிகிரியில் வைத்து, 340 நானோமீட்டர் அலைநீளத்து ஒளியைச் செலுத்துவோம். பாரம் ஏறிய என்.ஏ.டி.எச். அந்த ஒளியை விழுங்கும், காலி என்.ஏ.டி. விழுங்காது. விழுங்கப்படும் ஒளி நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று எண் வரும்.

ஒருமுறை தொலைதூரக் கிளினிக்கிலிருந்து வந்த மாதிரி ஒன்றில் எண் எக்கச்சக்கமாக வந்தது. நான் அவசரப்பட்டு வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பிறகு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறத்தில் இருக்கிறது. மண்சாலையில் வண்டி குலுங்கியதில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் எல்.டி.எச். சீரத்தில் கலந்துவிட்டது. சிவப்பணுவுக்குள் இருக்கும் எல்.டி.எச். சுற்றியுள்ள பிளாஸ்மாவில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். மறுபடி ரத்தம் எடுத்தபோது எண் சாதாரணம். அன்று மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தங்கை மகளிடம் அன்று நான் சொன்னதும் இதுதான்: மாதிரி சிதைந்திருந்ததா என்று ஆய்வுக்கூடத்தில் கேள், எண் அதிகமாக வரக் காரணங்கள் பல, மருத்துவர் மற்ற சோதனைகளோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

மாதிரி பழுதில்லாமல் இருந்தாலும் அந்த எண்ணில் ஒரு குறை உண்டு. எங்கோ உடைந்த உயிரணுவிலிருந்து ஒழுகிய நொதியை எடுத்து, அதற்கு வேண்டியதையெல்லாம் கையில் கொடுத்து, 'இப்போது ஓடு' என்று சொல்லி வேகம் பார்க்கிறோம். அது நொதியின் அதிகபட்சத் திறன். புற்று உயிரணுக்களையே நேரடியாக அரைத்து அளந்தாலும் கிடைப்பது திறன்தான். உயிரோடிருக்கும் உயிரணுவுக்குள் அதற்குப் பைருவேட் போதுமான அளவு வருகிறதா, பாரம் ஏறிய டிரெய்லர் இருக்கிறதா, விளைந்த லாக்டேட் வெளியேற வழியிருக்கிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது. டொங்காட் பக்கத்தில் கரும்பாலை எவ்வளவு பெரியது என்று சுவரை அளந்து சொல்லிவிடலாம். இன்று எத்தனை டன் அரைபட்டது என்பதற்கு வாசலில் நின்று லாரிகளைத்தான் எண்ண வேண்டும்.

உயிரணுவை உடைக்காமல் அதன் வாசலில் நின்று எண்ணுவது எப்படி என்பதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்.

பக்கத்து வீட்டு மாற்றம் கேட்கும் காது

ஸ்கேன் என்றவுடன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணிதத்தை 1963-இலும் 1964-இலும் வெளியிட்ட ஆலன் கார்மாக் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். 1956-இல் கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1979-இல், சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஸ்கேன் காட்டுவது எக்ஸ் கதிரை எந்த இடம் எவ்வளவு தடுக்கிறது என்பதை. கட்டி இருக்கும் இடமும் அளவும் தெரியும். உள்ளே என்ன சமையல் நடக்கிறது என்று தெரியாது.

அணுக்கருக்களில் சில, சிறு காந்த ஊசி போல நடந்துகொள்பவை. ஹைட்ரஜன், பாஸ்பரஸ்-31, கார்பன்-13 ஆகியவை அந்த வகை. சாதாரணக் கார்பன்-12 அப்படியில்லை. அது காந்தத்துக்கு ஊமை. வலிய காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலையால் தட்டினால், இந்த ஊசிகள் தமக்கே உரிய அதிர்வெண்ணில் பதில் ஒலிக்கும். காந்தப்புலத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள்; ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருக்கும் 9.4 டெஸ்லா காந்தத்தில் கார்பன்-13 ஒலிப்பது சுமார் 100.6 மெகாஹெர்ட்ஸில். லோட்டஸ் எஃப்எம் கேட்பதற்கு நாம் முள்ளைத் திருப்பும் அதே வரிசைதான்.

எல்லாக் கார்பன்-13-உம் ஒரே இடத்தில் ஒலித்தால் இந்த வித்தையால் பயனில்லை. அணுக்கருவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. எவ்வளவு மறைப்பு என்பது அந்த அணு எந்த மூலக்கூறில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அதிர்வெண் மிகச் சிறிதளவு நகரும். இந்த நகர்வைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, அதாவது பிபிஎம் என்று குறிப்பார்கள்.

பைருவேட்டின் முதல் கார்பன் 171 பிபிஎம் அருகில் ஒலிக்கும். எல்.டி.எச். அதை லாக்டேட்டாக மாற்றும்போது அந்த முதல் கார்பனை அது தொடுவதே இல்லை. மாற்றம் நடப்பது பக்கத்து வீடான இரண்டாவது கார்பனில். ஆனாலும் முதல் கார்பன் அதை உணர்ந்து 183 பிபிஎம்முக்கு நகர்ந்துவிடுகிறது. 12 பிபிஎம் வித்தியாசம். 9.4 டெஸ்லாவில் அது சுமார் 1200 ஹெர்ட்ஸ். பிரித்துக் கேட்கத் தாராளமாகப் போதும். மருத்துவமனைகளின் 3 டெஸ்லா ஸ்கேனரில்கூடச் சுமார் 385 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கிறது.

ஆக, ஒரே கார்பன் இரண்டு குரல்களில் பேசுகிறது. முதல் குரல் தேய்ந்து இரண்டாம் குரல் ஏறும் வேகமே நொதியின் வேலை.

குரல் ஏன் கேட்கவில்லை, எப்படிக் கேட்கவைத்தார்கள்

காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த யோசனை நெடுங்காலம் உயிருள்ள திசுவில் நடைமுறைக்கு உதவவில்லை. முதல் சிக்கல், இயற்கைக் கார்பனில் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம். இதற்கு வழி உண்டு: முதல் இடத்தில் கார்பன்-13 மட்டுமே இருக்கும்படி பைருவேட்டைத் தயாரித்துக்கொள்ளலாம். அது கதிர்வீச்சு இல்லாத, நிலையான ஐசோடோப்.

இரண்டாவது சிக்கல் பெரியது. காந்தப்புலத்தில் வைத்தால் எல்லா ஊசிகளும் ஒரே பக்கம் திரும்பிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். உடல் வெப்பத்தின் குலுக்கலில் அது நடப்பதில்லை. 3 டெஸ்லாவில் பத்து லட்சம் கார்பன்-13 அணுக்கருக்களை எடுத்தால், ஒரு பக்கம் பார்ப்பவை எதிர்ப்பக்கம் பார்ப்பவற்றைவிட இரண்டோ மூன்றோதான் அதிகம். மற்றவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அந்த இரண்டு மூன்றின் முணுமுணுப்பைத்தான் நாம் கேட்கிறோம். எண்ணற்ற முறை கேட்டுக் கூட்டினால் ஒரு கோடு தெரியும். அதற்குள் நொதி தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

2003-இல் ஆர்டென்க்யார்-லார்சனும் அவர் கூட்டாளிகளும் ஒரு முறையை வெளியிட்டார்கள். சமிக்ஞை பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கூடியது. முறை இப்படி: கார்பன்-13 பைருவேட்டில், இணையில்லாத எலெக்ட்ரான் கொண்ட ஒரு பொருளைச் சிறிது கலக்கிறார்கள். அதை ஹீலியத்தில் அமிழ்த்தி குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு ஒரு டிகிரி சொச்சம் மேலே, அதாவது சுமார் மைனஸ் 272 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் குளிரில், 3.35 டெஸ்லா புலத்தில், எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பிவிடும். எலெக்ட்ரானின் காந்தம் அணுக்கருவினுடையதைவிட மிகவும் வலியது. பிறகு 94 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைப் பாய்ச்சி, எலெக்ட்ரானின் அந்த ஒழுங்கை அணுக்கருக்களுக்குத் தொற்றவைக்கிறார்கள். இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கடைசியில் கொதிநிலைக்கு மேல் சூடேற்றிய நீரை அழுத்தத்தோடு அடித்து, உறைந்த கட்டியை நொடியில் கரைத்து வெளியே எடுக்கிறார்கள்.

கையில் கிடைப்பது சாதாரணமாகத் தெரியும் ஒரு திரவம். அதிலுள்ள கார்பன்-13-இல் இருபது, முப்பது சதவீதம் அளவுக்கு ஒழுங்கு ஏறியிருக்கும். முணுமுணுப்பு கூச்சலாகிவிட்டது. மிகைமுனைவாக்கம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம், பெயர் கனமாக இருந்தாலும்.

கூச்சல் நெடுநேரம் நிற்காது என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. கரைத்த கணத்திலிருந்து ஒழுங்கு குலையத் தொடங்குகிறது. கரைசலில் பைருவேட்டுக்கு அந்தத் தேய்மான காலம் சுமார் ஒரு நிமிடம். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் 5 சதவீதம்தான் மிச்சம். உடலுக்குள் இன்னும் வேகமாகத் தேயும். ஒரு மணி நேரம் சமைத்ததை ஒன்றிரண்டு நிமிடத்தில் பரிமாறி முடிக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடம்

பத்து மில்லிமீட்டர் அகலக் கண்ணாடிக்குழாய். அதில் வளர்ப்பு ஊடகத்தில் மிதக்கும் சில கோடி புற்று உயிரணுக்கள், 37 டிகிரி வெப்பத்தில், காந்தத்தின் நடுவே உயிரோடு காத்திருக்கின்றன. கரைத்த பைருவேட்டின் அமிலத்தன்மையைச் சரிசெய்து, மெல்லிய குழல் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். கருவி நொடிக்கு ஒரு முறை தட்டிக் கேட்கத் தொடங்குகிறது.

முதல் நொடியில் திரையில் ஒரே ஒரு கோபுரம், 171-இல். கொஞ்சம் தள்ளி 179-இல் ஒரு குட்டிக் கம்பம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் லாக்டேட் என்று நினைத்துக் குதிப்பார்கள். அது பைருவேட் தண்ணீரோடு சேர்ந்த வடிவம். எந்த நொதியும் இல்லாமலே இருக்கும். ஐந்தாறு நொடியில் 183-இல் தரை லேசாக மேடிடுகிறது. பத்து நொடியில் அது தெளிவான கம்பம். இதற்குள் 171-இன் கோபுரம் இறங்கத் தொடங்கிவிட்டது. அரை நிமிடம் சுமாருக்கு லாக்டேட் உச்சத்தைத் தொட்டு, பிறகு அதுவும் சாயும்.

சாய்வதைப் பார்த்து, லாக்டேட் எங்கோ செலவாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. லாக்டேட் அங்கேயேதான் இருக்கிறது. அதன் குரல்தான் ஓய்கிறது. ஆகவே கணக்குப் போடும்போது மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்: பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போவது, இரண்டின் குரலும் தானாகத் தேய்வது, கேட்பதாலேயே ஏற்படும் செலவு.

கேட்பதால் செலவா? ஆயாவின் சொட்டுதான் இது. ருசி பார்க்க எடுத்தது பானைக்குத் திரும்பாது. வானொலி அலையால் ஒவ்வொரு முறை தட்டும்போதும் சேமித்த ஒழுங்கில் ஒரு பங்கு கரைகிறது. இந்த ஒழுங்கு மறுபடி ஊறாது. ஊசிகளை முழுதாக 90 டிகிரி சாய்த்துக் கேட்டால் உரத்த ஒலி கிடைக்கும், ஒரே தடவையோடு கதை முடியும். 10 டிகிரி மட்டும் சாய்த்தால் ஒரு தடவைக்கு 1.5 சதவீதம்தான் செலவு. அப்படியும் 60 முறை கேட்டபின், மற்றத் தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 40 சதவீதம்தான் மிஞ்சும். கரண்டி நுனியால் ஒரு சொட்டு மட்டும் எடுத்த ஆயாவின் கஞ்சத்தனம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கணக்கின் முடிவில் ஓர் எண் கிடைக்கும், வேக மாறிலி. உதாரணத்துக்கு அது நொடிக்கு 0.02 என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் இருக்கும் அடையாளமிட்ட, அதாவது கார்பன்-13 வைத்த, பைருவேட்டில் 2 சதவீதம் ஒவ்வொரு நொடியும் லாக்டேட் பக்கம் போகிறது என்று பொருள். உயிரணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மாதிரியை இன்னொன்றோடு ஒப்பிடலாம்.

எண் யாரைப் பற்றிப் பேசுகிறது?

இந்த மாறிலியை 'எல்.டி.எச். செயல்பாடு' என்று ஒரே அடியாக எழுதிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பைருவேட் நொதியை அடையும் முன் உயிரணுவின் சவ்வைக் கடக்க வேண்டும். அதைக் கடத்திவிடும் புரதங்கள் தனி. சில மார்பகப் புற்று உயிரணுக்களில் இந்த வாசல்தான் தாமதத்துக்குக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அங்கே நொதி சும்மா உட்கார்ந்திருக்கிறது. எண் சொல்வது வாசலின் அகலத்தை.

உள்ளே வந்தபின் பாரம் ஏறிய டிரெய்லர், அந்த என்.ஏ.டி.எச்., தேவை. அது தீர்ந்துபோனால் நொதி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மூன்றாவது விஷயம் ஆரம்பத்தில் என்னையே குழப்பியது. எல்.டி.எச். இரு திசையிலும் ஓடும் நொதி. உயிரணுவில் ஏற்கெனவே நிறைய லாக்டேட் தேங்கியிருந்தால், அடையாளமிட்ட பைருவேட் ஒன்று லாக்டேட்டாகவும், அடையாளமில்லாத பழைய லாக்டேட் ஒன்று பைருவேட்டாகவும் இடம் மாறிக்கொள்ளும். நிகரமாக எதுவும் கூடவில்லை. ஆனாலும் 183-இன் கம்பம் உயரும். தேங்கிய லாக்டேட் அதிகமாக இருந்தால் இந்த இடமாற்றமும் அதிகம். நாம் அளப்பதில் ஒரு பங்கு உற்பத்தி, ஒரு பங்கு கைமாற்று.

கேம்பிரிட்ஜில் கெவின் பிரிண்டில் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் இது தெளிவாகும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டி உள்ள எலிகளுக்குப் புற்றுநோய் மருந்தான எட்டோபோசைடைக் கொடுத்து, இந்தப் பைருவேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 மணி நேரத்துக்குள் பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போகும் ஓட்டம் குறைந்திருந்தது. காரணம் தேடியபோது மூன்றும் வந்து நின்றன: நொதி குறைந்திருந்தது, தேங்கிய லாக்டேட் குறைந்திருந்தது, என்.ஏ.டி. டிரெய்லர்களே காணாமல் போயிருந்தன. சாகப்போகும் உயிரணு சிதைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் அவசரத்தில் டிரெய்லர்களை உடைத்து விறகாக்கிவிடுகிறது. பழைய முறையில் உயிரணுவை அரைத்து, டிரெய்லரை நாமே ஊற்றிக் கொடுத்து அளந்திருந்தால், அந்தக் காரணம் கண்ணிலேயே பட்டிருக்காது.

இதனால்தான் கவனமானவர்கள் ஒரே முறையை நம்பி நிற்பதில்லை. காந்தத்தில் ஓட்டத்தை அளந்தபின் அதே உயிரணுக்களை உடைத்து 340 நானோமீட்டரிலும் பார்க்கிறார்கள். எல்.டி.எச்.-ஐ மட்டும் தடுக்கும் மருந்தைப் போட்டு எண் எவ்வளவு விழுகிறது என்று சோதிக்கிறார்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரசியமே தொடங்குகிறது.

மனிதரில்

2013-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 31 பேரிடம் முதன்முதலாக இதைச் செய்து பார்த்து வெளியிட்டார்கள். கரைத்த பைருவேட்டை நரம்பில் ஏற்றும் முன், அமிலத்தன்மை, வெப்பநிலை, மிச்சமிருக்கும் எலெக்ட்ரான் பொருளின் அளவு எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும். அதுவும் குரல் தேய்ந்துகொண்டிருக்கும்போதே. ஒரு ரிப்போர்ட்டைச் சரிபார்க்க நாங்கள் ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஹீலியம் குளிர்கலனோடு ஒரு தனிக் கருவி தேவைப்படுவதால் இது இன்னும் ஆராய்ச்சி மையங்களின் எல்லையைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை.

எல்லா நொதிக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டியதில்லை. கோலின் கைனேஸ் என்ற நொதி பல புற்றுகளில் துடிப்பாக இருக்கும்; அது விளைவிக்கும் பாஸ்போகோலின் உயிரணுவில் சேர்ந்துவிடுவதால், பாஸ்பரஸ்-31-ஐக் கேட்டாலே தெரியும், சாதாரண ஹைட்ரஜன் நிறமாலையிலும் 3.2 பிபிஎம்மில் கோலின் கூட்டம் உயர்ந்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூளைக்கட்டி ஒன்றின் கதை. ஐ.டி.எச்.1 என்ற நொதியில் 132-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறி ஹிஸ்டிடின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தால், நொதி தன் பழைய வேலையை விட்டுவிட்டுப் புது வேலை ஒன்றைத் தொடங்கிவிடுகிறது. ஆரோக்கியமான மூளையில் கண்டுகொள்ள முடியாத அளவே இருக்கும் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளை அது குவித்துக்கொண்டே போகும். 2009-இல் இது வெளியானது. 2012-இல் மண்டையைத் திறக்காமலே அந்தப் பொருளை 2.25 பிபிஎம் அருகே காந்த நிறமாலையில் கண்டுவிட்டார்கள். பொருள் அங்கே இருந்தால், அந்தத் தடம்புரண்ட நொதி உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். ஹீலியக் குளியலும் வேண்டாம், நரம்பில் எதையும் ஏற்றவும் வேண்டாம். மருத்துவமனையில் இருக்கும் 3 டெஸ்லா ஸ்கேனரே போதும். ஆனால் மூளையில் இயல்பாகவே இருக்கும் குளூட்டமேட்டும் குளூட்டமினும் அதே 2.25-க்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரசி நிற்பவை. கம்பம் சிறியதாக இருந்தால், அது யாருடையது என்று திரைக்கு முன் இரண்டு நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள்.